மறை: ஒரு சொல்லின் பொருளையும் வேரையும் சென்னையில் இருந்தபடியே தேடுவது எப்படி

மயிலாப்பூர்க் கோயில் வாசலில் 'மறை' என்றால் வேதம். அங்கிருந்து கிழக்கே கொஞ்ச தூரம் நடந்து சாந்தோமுக்குப் போனால் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தின் பெயர் 'மறையுரை'; ஆயரின் ஆட்சி எல்லைக்கு 'மறைமாவட்டம்' என்று பெயர். கடற்கரைச் சாலையோடு வடக்கே திருவல்லிக்கேணிக்கு வந்தால் 'திருமறை' என்பது குர்ஆன். நுங்கம்பாக்கம் வள்ளுவர் கோட்டத்தில் 1330 குறளும் கல்லில் பொறித்திருக்கிறதே, அது 'பொதுமறை'. வழியில் சுவரொட்டியில் யாரோ ஒருவருடைய 'மறைவுக்கு' கண்ணீர் அஞ்சலி. டீக்கடைப் பேப்பரில் யாரோ ஒருவர் 'தலைமறைவு'.

இத்தனைக்கும் வினைச்சொல் ஒன்றுதான். ஆன்மிகப் பேச்சில் 'மறைபொருள்', 'மறைஞானம்' என்று வரும்போது மட்டும் பலர் அதை 'யாருக்கும் தெரியாத மர்மம்' என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்படிப் பொருள் கொள்ளலாமா என்று நாமே சோதித்துப் பார்க்க முடியும். ஒரு போன், ஒரு குறிப்பேடு, எழும்பூருக்கு ஒரு முறை போய்வர நேரம், இவ்வளவு போதும். கீழே உள்ள வரிசையில் போங்கள். சில படிகள் ஐந்து நிமிடத்தில் முடியும். நான்காவதும் ஐந்தாவதும் மட்டும் ஆளை உட்கார வைத்துவிடும்.

படி 1: எழுத்தைப் பிடியுங்கள்

சென்னைப் பேச்சில் ரகரமும் றகரமும் ஒரே ஒலிதான். அதனால் தேடத் தொடங்கும் முன் எழுத்தை உறுதி செய்யாவிட்டால் எல்லாம் குழம்பும். 'மரை' என்று இடையின ரகரம் போட்டால் அது ஒரு மான் வகை. ஆணியிலும் நட்டிலும் ஓடும் திருகு வரியும் மரைதான். 'அவனுக்கு மரை கழண்டுபோச்சு' என்பது அந்த மரை. நாம் தேடுவது வல்லின றகரம்.

இன்னொரு குழப்பம் 'திருமுறை'. தேவாரம் முதலான சைவ நூல்களின் தொகுப்பு பன்னிரு திருமுறை. இது 'முறை', அதாவது வரிசை, ஒழுங்கு. கோயில் அழைப்பிதழ்களிலேயே இதைப் 'பன்னிரு திருமறை' என்று அச்சடித்துவிடுகிறார்கள். சைவ நூல்களை வேதத்துக்கு இணையாகப் போற்றுவதால் பொருள் பொருந்துவதுபோல் தெரியும். ஆனாலும் சொல் வேறு.

படி 2: அகராதியில் வினையை முதலில் படியுங்கள்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. 1939-இல் ஓர் இணைப்புத் தொகுதியும் சேர்ந்தது. பல ஆண்டுகள் அதன் பதிப்பாசிரியராக இருந்தவர் எஸ். வையாபுரிப்பிள்ளை. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய அகராதித் தளத்தில் இதை இலவசமாகத் தேடலாம். தாளில் புரட்ட ஆசைப்பட்டால் எழும்பூர் கன்னிமாரா நூலகம் இருக்கிறது.

அகராதியைத் திறந்ததும் 'மறை = வேதம்' என்ற வரியைக் கண்டு மூடிவிடாதீர்கள். முதலில் வினை. தமிழில் இது இரண்டாகப் பிரியும்: சூரியன் மறைந்தது என்பது தன்வினை, மேகம் சூரியனை மறைத்தது என்பது பிறவினை. பெயர்ச்சொல்லாக வரும்போது மறைத்தல், இரகசியம், வேதம், மந்திரம் என்று பொருள்கள் விரியும். இலக்கணத்தில் 'எதிர்மறை' இருக்கிறது. மாட்டுக்காரர்களிடம் கேட்டால் செம்மறை, கருமறை என்பார்கள். திட்டுத் திட்டாக நிறம் உள்ள மாடு அது. இவை எல்லாம் ஒரே வேரில் வந்தவை என்று உடனே முடிச்சுப் போட வேண்டாம். எழுதி மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: அண்டை மொழிகளைக் கேளுங்கள்

பரோவும் எமனோவும் தொகுத்த திராவிட மொழிகளின் வேர்ச்சொல் அகராதி 1961-இல் முதற்பதிப்பும் 1984-இல் இரண்டாம் பதிப்பும் கண்டது. அதே சிகாகோ தளத்தில் இதுவும் கிடைக்கும். அகராதி வேண்டாம் என்றால் உங்கள் அடுக்குமாடியிலேயே விசாரிக்கலாம். மலையாளத்தில் 'மற' என்றால் திரை, தடுப்பு. கன்னடத்தில் 'மரெ' என்றாலும் மறைவிடம், தடுப்புத்தான். தெலுங்கில் 'மருகு' என்றால் மறைவு. 'கனுமருகு' என்றால் கண்ணிலிருந்து மறைந்துபோதல்.

இதில் ஒன்று கவனிக்க வேண்டும். எங்குமே அடிப்படைப் பொருள் பார்வையைப் பற்றியது. கண்ணுக்கும் பொருளுக்கும் நடுவே ஏதோ நிற்கிறது. பொருள் அங்கேயேதான் இருக்கிறது. நமக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். 'அறிய முடியாதது' என்ற பொருள் இந்த வேரில் கிடையாது.

படி 4: பழைய வரிகளில் தேடுங்கள்

மதுரை மின்னூல் திட்டத்திலும், கோட்டூர்புரத்தில் இயங்கும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் பழைய நூல்கள் கிடைக்கின்றன. போனில் 'மறை' என்று தேடினால் 'முறை'க்கு நடுவில் சிக்காமல் வரிகள் வந்து விழும். ஒவ்வொன்றையும் முழுப்பாட்டோடு படியுங்கள். ஒற்றை வரியை வைத்து முடிவு கட்டினால் கதை கந்தலாகிவிடும்.

குறளிலிருந்து தொடங்குவது நல்லது, ஏனென்றால் எதிர்பார்த்தது அங்கே இருக்காது. 'அறைபறை அன்னர் கயவர்தாம் கேட்ட மறைபிறர்க்கு உய்த்துரைக்க லான்' என்பது 1076. கேட்ட இரகசியத்தை ஊரெல்லாம் பறையடித்துச் சொல்கிறவனைப் பற்றியது. அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர்களுக்கு விளக்கவுரை தேவைப்படாது. 590-இல் 'மறை' ஒற்றனைப் பற்றிய அரசாங்க இரகசியம். 695-இல் அரசன் வேறு ஒருவரோடு பேசும் இரகசியம். காதைத் தீட்டாதே, அவனே சொன்னால் கேட்டுக்கொள் என்கிறார். 1138, 1180 இரண்டிலும் காதல் இரகசியம். வேதத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் வள்ளுவர் எடுக்கும் சொல் வேறு: 134-இல் 'ஓத்து', 543-இல் 'அந்தணர் நூல்'.

குறளில் 'மறை'க்கு ஆன்மிக வாசனை தெளிவாக அடிப்பது 28-இல்: 'நிறைமொழி மாந்தர் பெருமை நிலத்து மறைமொழி காட்டி விடும்.' இதன் பக்கத்தில் தொல்காப்பியச் செய்யுளியல் நூற்பாவை வையுங்கள்: 'நிறைமொழி மாந்தர் ஆணையிற் கிளந்த மறைமொழி தானே மந்திரம் என்ப.' இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சொற்கள்தான். நிறைமொழி என்பதற்குப் பரிமேலழகர் தரும் விளக்கம், அருளிக் கூறினாலும் வெகுண்டு கூறினாலும் அந்தந்தப் பயனைத் தந்தே தீரும் சொல். அப்படிச் சொல்பவர் வாயிலிருந்து வருவது மறைமொழி. அதன் ஆற்றல் கேட்ட மாத்திரத்தில் தெரியாது, பலிக்கும்போது தெரியும். 'காட்டி விடும்' என்று குறள் முடிவதைக் கவனியுங்கள். மறைமொழிக்கு வள்ளுவர் கொடுத்த வேலை, காட்டுவது!

வேதம் என்ற பொருளுக்கும் பழைய சான்று உண்டு. தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தில் 'அந்தணர் மறைத்தே' என்று வருகிறது. அதன் பாயிரம் 'நான்மறை முற்றிய அதங்கோட்டு ஆசான்' என்கிறது. இந்த நான்மறைக்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர், இன்று நாம் சொல்லும் ரிக், யஜுர், சாம, அதர்வணம் என்று கூறாமல் தைத்திரியம், பௌடிகம், தலவகாரம், சாமம் என்று ஒரு பட்டியல் தருகிறார். வியாசர் வேதத்தைப் பகுப்பதற்கு முந்தியவர் தொல்காப்பியர் என்பது அவர் கணக்கு. கணக்கு சரியோ தவறோ, 'நான்மறை' என்றால் எந்த நான்கு என்று அப்போதே உரையாசிரியர் நின்று யோசித்திருக்கிறார். புறநானூற்றுக் கடவுள் வாழ்த்திலும் 'மறைநவில் அந்தணர்' வருகிறார்கள். உ.வே. சாமிநாதையர் 1894-இல் பதிப்பித்த நூல் இது. அவர் பெயரிலான நூலகம் பெசன்ட் நகரில் இருக்கிறது.

படி 5: யார், யாரிடமிருந்து, எதுவரை மறைக்கிறார்கள்?

என்னைக் கேட்டால் இந்த வழிகாட்டியில் உருப்படியானது இந்தக் கேள்விதான். சேகரித்த ஒவ்வொரு வரிக்கும் எதிரே இந்த மூன்றையும் எழுதுங்கள். குறள் 590-இல் மறைப்பவன் அரசன், மறைப்பது மற்றவர்களிடமிருந்து, ஒற்றன் வேலை முடியும்வரை. சுலபம். பக்திப் பாடல்களுக்கு வரும்போது விடைகள் மாறத் தொடங்கும்.

அப்பர் ஐந்தாம் திருமுறையில் பாடுகிறார்: 'விறகில் தீயினன் பாலில் படுநெய்போல் மறைய நின்றுளன் மாமணிச் சோதியான்.' விறகுக்குள் தீ, பாலுக்குள் நெய். யாரும் எடுத்து ஒளித்து வைக்கவில்லை. பொருளின் இயல்பே அப்படி. எதுவரை? அதே பாட்டு வழியும் சொல்லிவிடுகிறது: உறவு என்னும் கோலை நட்டு, உணர்வு என்னும் கயிற்றால் முறுக்கிக் கடைந்தால் 'முன்நிற்குமே'. மத்தும் கயிறும் தயிரும் இருக்கும் எந்தச் சமையலறையிலும் நடக்கிற வேலை.

திருமூலர் இன்னொரு கோணத்தில் பார்க்கிறார். 'மரத்தை மறைத்தது மாமத யானை, மரத்தில் மறைந்தது மாமத யானை' என்ற பாட்டில் தன்வினை, பிறவினை இரண்டையும் ஒரே மூச்சில் ஆளுகிறார். மரத்தில் செய்த யானை பொம்மை. யானையாகப் பார்க்கும்போது மரம் மறைகிறது, மரமாகப் பார்க்கும்போது யானை மறைகிறது. அடுத்த இரண்டு வரிகளில் மரத்தின் இடத்தில் 'பரம்', அதாவது இறைவன்; யானையின் இடத்தில் 'பார்முதல் பூதம்', அதாவது நிலம் முதலான ஐம்பூதங்கள். இங்கே மறைப்பது யார்? பார்க்கிறவனுடைய பார்வை. படி 2-இல் வினையை இரண்டாகப் பிரித்து எழுதச் சொன்னதற்குப் பலன் இந்தப் பாட்டில் கிடைக்கும்.

சைவ சித்தாந்தம் இதற்கும் ஒரு படி மேலே போய், மறைப்பதை இறைவனுடைய தொழிலாகவே வைக்கிறது. படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்று தொழில் ஐந்து. நான்காவதன் வடமொழிப் பெயர் திரோதம் அல்லது திரோபவம். உயிர் பக்குவப்படும்வரை உண்மையைத் திரைபோட்டு வைப்பதும் அருளின் ஒரு வகையே என்பது அதன் கொள்கை. பக்குவம் வந்ததும் திரை விலகும். ஆக 'எதுவரை' என்ற கேள்விக்கு இங்கே தெளிவான விடை இருக்கிறது.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. கன்னிமாரா நூலகத்தை ஒட்டினாற்போல்தான் எழும்பூர் அரசு அருங்காட்சியகம். அங்கே வெண்கலச் சிலைகளின் கூடத்தில் திருவாலங்காட்டு நடராசர் இருக்கிறார். எல்லோரும் தூக்கிய காலைத்தான் படம் எடுப்பார்கள். நீங்கள் முயலகன் முதுகில் ஊன்றிய வலக்காலைப் பாருங்கள். மனவாசகம் கடந்தார் எழுதிய உண்மை விளக்கம் என்ற சைவ சித்தாந்த நூலின்படி துடியில் (உடுக்கையில்) படைத்தல், அஞ்சேல் என்று அமைத்த கையில் காத்தல், தீயில் அழித்தல், 'ஊன்று மலர்ப்பதத்தில் உற்ற திரோதம்', தூக்கிய பாதத்தில் முத்தி. மறைத்தல் என்ற தொழில் அந்த ஊன்றிய பாதத்தில் இருக்கிறது. சிலையின் மொத்தப் பாரமும் அதன் மேல்தான். உலோக வார்ப்பு என்ற அளவில் பார்த்தால் அது வேறு வழியில்லாத அமைப்பு. ஆனால் தத்துவம் அந்தக் காலைத் தேர்ந்தெடுத்து மறைப்புக்குக் கொடுத்திருப்பது எனக்கு மிகப் பிடித்த விஷயம்.

படி 6: பிற சமயத்தார் இதே சொல்லை எதற்கு எடுத்தார்கள்?

கிறித்தவத் தமிழில் இரண்டு அடுக்கு உண்டு. பழைய ஏடுகளில் 'இரகசியம்' அதிகம். பழைய விவிலிய மொழிபெயர்ப்பில் 1 தீமோத்தேயு 3:16 'தேவபக்திக்குரிய இரகசியமானது' என்கிறது. ஜெபமாலையில் பாட்டிகள் சொல்வது 'தேவ இரகசியங்கள்'. பிற்காலத்துக் கத்தோலிக்கத் தமிழில் அது 'மறையுண்மைகள்' ஆயிற்று. திருப்பலியில் குருவானவர் 'நம்பிக்கையின் மறைபொருள்' என்கிறார். வடசொல்லை விட்டுத் தமிழ்ச்சொல்லுக்கு வந்த மாற்றமாக மட்டும் இதைப் பார்த்தால் பாதிதான் கிடைக்கும். கிறித்தவக் கொள்கைப்படி அது முன்பு மறைந்திருந்து, பின்பு வெளிப்பட்ட திட்டம். வெளிப்பட்டதை 'இரகசியம்' என்று சொன்னால் இடிக்கும், 'மறைபொருள்' என்றால் இடிக்காது.

இதற்கெல்லாம் மூலச்சொல் கிரேக்கத்தின் 'மிஸ்தேரியோன்'. ஏதென்ஸுக்கு அருகே எலூசிஸ் என்ற ஊரில் தீட்சை பெற்றவர்கள் மட்டும் கலந்துகொண்ட சடங்குகள் நடந்தன. பார்த்ததை வெளியே சொல்லக் கூடாது. சொல்லின் வேரை, மூடுதல் என்ற பொருள் தரும் கிரேக்க வினையோடு இணைப்பது வழக்கம்: கண்ணை, அல்லது வாயை. அங்கே மூடிக்கொள்வது மனிதர், நம் 'மறை'யில் குறுக்கே நிற்பது திரை. இரண்டும் ஒரே கருத்துக்குப் பெயராகிவிட்டாலும் புறப்பட்ட இடம் வேறு.

இஸ்லாமியத் தமிழில் இரண்டு வேலைகளையும் இந்தச் சொல் செய்கிறது. 'திருமறை' என்றால் வேதநூல். 'மறைவானவை' என்றால் அரபியில் 'கைப்' எனப்படுவது, புலன்களுக்கு எட்டாத உண்மைகள். குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத் தொடக்கத்திலேயே மறைவானவற்றை நம்புவோர் என்று வரும். இங்கே மூன்று கேள்விகளுக்கும் விடை: மறைவானவற்றை அறிந்தவன் இறைவன் ஒருவனே, அவன் அறிவிக்க நாடியது மட்டும் மனிதருக்கு எட்டும்.

படி 7: பக்கத்து வீட்டுச் சொற்களோடு ஒப்பிடுங்கள்

'ரகசியம்' வடமொழியின் 'ரஹஸ்' என்பதிலிருந்து வருகிறது. தனிமை, ஆளில்லாத இடம் என்று பொருள். அதாவது தனியே வைத்துச் சொல்வது. சிதம்பர ரகசியம் என்பதோ இந்தச் சொல்லையே புரட்டிப் போடுகிறது. திரையை விலக்கினால் தொங்கும் பொன் வில்வ மாலையும் வெட்டவெளியும்தான். அதனால்தான், சொல்லாமல் இழுத்தடிப்பவரிடம் 'இது என்ன பெரிய சிதம்பர ரகசியமா?' என்று கேட்கிறோம்.

'மர்மம்' வடமொழியில் உடம்பின் உயிர்நிலையைக் குறித்தது. அடிபட்டால் ஆபத்தான இடம். நம் ஊர் 'வர்மம்' இதே சொல்லின் இன்னொரு வடிவம். பத்திரிகைகளில் மர்மக் காய்ச்சல், மர்ம நபர் என்று காரணமோ ஆளோ தெரியாத எதற்கும் இதை ஒட்டிவிடுகிறார்கள். ஆன்மிகப் பேச்சில் 'மறை'யை 'மர்மம்' என்று பெயர்ப்பது தப்பு என்று நான் சொல்வது இதனால்தான். மர்மத்தில் பயமும் சந்தேகமும் ஒட்டியிருக்கும்.

'சூட்சுமம்' நுண்மையைக் குறிக்கும். சிறியதாக இருப்பதால் தெரியாதது. மெக்கானிக் 'இதில ஒரு சூட்சுமம் இருக்கு சார்' என்கிறபோது மிகச் சரியாகவே பயன்படுத்துகிறார்.

படி 8: வேர்க்கதைகளைச் சோதியுங்கள்

இந்தச் சொல்லைப் பற்றி இரண்டு கதைகள் சுற்றுகின்றன. சிலர் மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களிடம் மறைத்ததால் வேதத்துக்கு மறை என்று பெயர் என்பது ஒன்று. ஆழ்ந்த பொருள் உள்ளே மறைந்திருப்பதால் என்பது மற்றொன்று. மேடைக்கு ஏற்றபடி ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்வார்கள். தொல்காப்பியமோ புறநானூறோ பெயர்க் காரணம் சொல்லவில்லை. துணைச் சான்றுகள் இரண்டு பக்கமும் இருக்கின்றன. வேதம் எழுதப்படாமல், கற்கும் உரிமை உள்ளவர் காதுக்கு மட்டும் போனது என்பது உண்மை. குறுந்தொகை 156 அதை 'எழுதாக் கற்பு' என்கிறது. மந்திரத்தைத் தொல்காப்பியம் மறைமொழி என்பது இரண்டாவது கதைக்கு உதவும். வடமொழியிலேயே 'உபநிஷத்' என்ற சொல் இரகசிய உபதேசம் என்ற பொருளில் வழங்கியதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் கணிப்பில் இரண்டும் கலந்தே இருந்தன; ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு சண்டை போட மொழியில் ஆதாரம் போதாது.

மூன்றாவதாக ஒரு கதை இருக்கிறது, கைப்பழக்கத்துக்கு அருமையானது. வேதாரண்யத்தின் தேவாரப் பெயர் திருமறைக்காடு. வேதங்கள் வழிபட்டு மூடிவிட்டுப் போன கதவை அப்பர் பாடித் திறந்தார், சம்பந்தர் பாடி அடைத்தார் என்பது பெரியபுராணம். ஆனால் அது முதலில் 'மரைக்காடு', மான் திரிந்த காடு. எழுத்து மாறி மறைக்காடாகி, பிறகு வடமொழியில் வேதாரண்யம் ஆனது என்று சொல்வோர் உண்டு. பக்கத்தில் கோடியக்கரை சரணாலயத்தில் இன்றும் வெளிமான்கள் இருப்பதால் கேட்க நன்றாகவே இருக்கும்.

சோதனை எளிது. பழைய பாட்டில் கவிஞர் அந்தப் பெயரை எப்படிக் காதில் வாங்கினார் என்று பாருங்கள். சம்பந்தர் கதவடைக்கப் பாடிய பதிகத்தின் தொடக்கம்: 'சதுரம் மறைதான் துதிசெய்து வணங்கும் / மதுரம் பொழில்சூழ் மறைக்காட்டு உறைமைந்தா.' முதல் வரியில் வேதத்தை நிறுத்தி, இரண்டாம் வரியில் ஊர்ப்பெயரைச் சொல்கிறார். அப்பரும் கதவைத் திறக்கும்போது 'மண்ணினார் வலஞ்செய் மறைக்காடரோ, கண்ணினால் உமைக் காணக் கதவினைத் திண்ணமாகத் திறந்தருள் செய்ம்மினே' என்று, மறைக்காட்டுக்கு அடுத்த அடியிலேயே காண்பதை வைக்கிறார். ஆக, ஏழாம் நூற்றாண்டில் அந்த ஊர்ப்பெயரை வல்லின றகரத்தோடு, வேதத்தையும் மறைப்பையும் நினைத்தே கேட்டிருக்கிறார்கள். அதற்கு முன்னால் மான் இருந்ததா என்பதற்கு இந்தப் பாட்டுகள் சாட்சி ஆகா. குறிப்பேட்டில் மறைக்காட்டை உறுதியான பக்கத்தில் எழுதுங்கள். மரைக்காட்டை எதிர்ப் பக்கத்தில் கேள்விக்குறியோடு.